கூத்துக்கு வாயில் திறந்த பேராசிரியர்

காலபோக வெள்ளாண்மை அறுவடையாகிச் சூடு மிதித்து நெல் பட்டறைக்குப் போன பின்னர் வன்னி நாட்டு ஊர்களிற் சிறிது ஓய்வு பிறக்கும். வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிற் பொங்கலுக்குத் திசையெலாமிருந்து மக்கள் திரள்வர். அங்கே கண்ணகியின் துயரைச் சொல்லும் சிலம்பு கூறல் என்னும் பாட்டு தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தது. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து ஆடப்படும். அதற்குரிய ஆட்டமுறையை முல்லைமோடி என்பர். காத்தவராயன் கூத்தும் உண்டு. கணவன் தயங்கி நின்ற வேளையில் தானே சென்று மதயானையைக் கட்டிவந்த அரியாத்தையின் கதையும், அவளை இழந்த வேலப்பணிக்கனின் புலம்பலும் வன்னிப் பெண்களின் நாவில் இன்றும் வாழ்வன. வயற்காவலின்போது பன்றியையும் குருவியையும் விளித்துப் பாடும் பள்ளுப் பாடல்களும் இந்நாட்டின் செல்வமே.

இரவு முழுவதும் முடி தரித்து அரசனாக நின்றவன் விடிந்ததும் மண்வெட்டி தோளிலேற்றி வாய்க்காலுக்குப் போவான். அவனுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுத்த அண்ணாவியார் ஏட்டை மடித்துப் பரணில் வைத்துவிட்டுத் தம் மாட்டைத் தேடிச் செல்வார். இவர்களது கலையை நெடுங்காலம் கற்றோர் கலையென்று கொள்ளவில்லை. கூத்தாடி என்ற சொல்லே ஏச்சாக வழங்கியது. பட்டணத்து மேடைகளிற் கர்நாடக இசைக்கும் பரதத்துக்கும் ஆசனம் இருந்தது. பார்சி மரபில் வந்த இசை நாடகத்துக்குக்கூட இடம் இருந்தது. கூத்துக்குத் திண்ணையும் இல்லை. அதனை ஆடியவர் பலர் உழவரும் கடற்றொழிலாளரும் சாதிப் படியிற் கீழே வைக்கப்பட்டோரும் ஆவர் என்பதே அதற்குப் பெருங்காரணம்.

இந்நிலையை மாற்றத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள். அன்னார் வன்னியிற் பிறந்தவரல்லர். ஆயினும் வன்னியிலிருந்து பல்கலைக் கழகத்துக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருக்க வேண்டிய வாழ்வு அவருடையது. கல்விக் கூடத்தின் வாயில் யாருக்குத் திறக்கும், உள்ளே செல்வோர் தம் ஊரையும் தாய்மாரின் பாட்டையும் வெளியே விட்டுவிட்டுத்தான் செல்ல வேண்டுமோ என்ற வினாவுக்கு அவர் தம் செயலால் விடை தேடினார்.

இளமையும் கல்வியும்

வித்தியானந்தன் 1924ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சார்ந்த வீமன்காமத்திற் பிறந்தார். சைவமும் தமிழும் செறிந்த சூழல் அது. அதே வேளை சாதியின் இறுக்கமும் மிக்க சூழல். அயலூராகிய மாவிட்டபுரத்திலே கந்தசுவாமி கோயில் வாயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அடைக்கப்பட்டு, 1968இல் அதனை எதிர்த்துப் போராட்டம் எழுந்தமை வரலாறு. அதற்கு நாற்பதாண்டு முன்னரே பாடசாலைகளிற் சம ஆசனம் தருவது பற்றி யாழ்ப்பாணத்திற் பெரும் பிணக்கு நிகழ்ந்திருந்தது. கல்வியும் கோயிலும் கலையும் வேலியிடப்பட்டுக் கிடந்த நாட்டிலேதான் அவர் வளர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த காலத்திற் கொழும்பு சென்று உயர்கல்வி பயின்றார். பின்னாளிற் பல்கலைக் கழகம் என்று நாம் வழங்கத் தொடங்கிய நிறுவனத்தை அன்று சருவகலாசாலை என்றே சொல்வர். 1942இல் இலங்கைப் பல்கலைக் கழகம் அமைந்தபின் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் விபுலானந்த அடிகள் பொறுப்பேற்றார். அவ்வடிகளிடம் பாடங்கேட்கும் பேறு இளைஞர் வித்தியானந்தனுக்குக் கிட்டியது. யாழ்நூல் கண்ட அடிகள் கரையோரக் கிராமத்திற் பிறந்து துறவு பூண்டவர். சாதி நோக்காது ஏழைச் சிறார்க்குக் கல்வி ஈந்தவர். அடிகளுக்குப் பின் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை துறையை வழிநடத்தினார். யாழ்ப்பாணத்துச் சாதாரண மக்கள் வீட்டிற் பேசும் மொழியிலேயே நாடகம் எழுதி, 1940இல் நானாடகம் என்று வெளியிட்டவர் கணபதிப்பிள்ளை. செந்தமிழ் தவிரப் பிற தமிழ் மேடைக்கு ஆகாதென்றிருந்த காலத்தில் அது துணிந்த செயல். அந்நாடகங்களைப் பல்கலைக் கழகத் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் நெறிப்படுத்தி மேடையேற்றும் பணி மாணாக்கராகிய வித்தியானந்தனிடம் வந்தது. பேச்சு மொழிக்கு ஆசான் திறந்த வழியாற் கூத்தை உள்ளே அழைத்து வரலாம் என்ற எண்ணம் அங்கேதான் வித்தாக விழுந்தது போலும்.

அன்னார் இலண்டன் சென்று பத்துப்பாட்டை வரலாறு, சமூகம், மொழி ஆகிய நோக்குகளில் ஆராய்ந்து 1950இற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார். அவ்வாராய்ச்சியின் கனியாகத் தமிழர் சால்பு என்னும் நூல் 1954இல் வெளிவந்தது. சங்ககாலத்துப் பாணரும் கூத்தரும் விறலியரும் அரசவையிற் பெற்ற மதிப்பை அவர் ஏடுகளிற் கண்டார். அவர்களுடைய வழியினராகக் கருதத்தக்க அண்ணாவிமார் தம் காலத்தில் இருந்த நிலையையும் கண்ணாற் கண்டார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அவர் உள்ளத்தை உறுத்தியிருக்க வேண்டும்.

பேராதனையிற் கண்ட விழிப்பு

1952இற் கலைப் பீடம் பேராதனைக்குப் பெயர்ந்தது. மகாவலியின் கரையிலே மலை சூழ்ந்த அவ்வளாகத்தில் அன்று ஆங்கிலமே ஆட்சி செய்தது. ஆங்கிலம் கற்ற குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் உள்ளே நுழைந்தனர். அச்சூழலிற் சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956ஆம் ஆண்டு மனமே என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். சிங்களக் கிராமங்களில் நாடகம என வழங்கிய பழைய ஆட்டத்தை அவர் புதுப்பித்திருந்தார். அந்த நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது என்பது ஆராய்ந்தோர் துணிபு. சிங்களர் தமிழ்க் கூத்தின் கிளையைப் பேணி வளர்த்து உலகுக்குக் காட்டுகையில், தமிழர் வேரையே மறந்திருந்தனர். இதை உணர்ந்த வித்தியானந்தன் வெட்கி வாளாவிருக்கவில்லை. அயலார் காட்டிய நெறியை நன்றியுடன் ஏற்றார்.

அதே 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். அரசியலில் இரு மொழியினரும் பிளவுண்ட ஆண்டிலேயே கலையில் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் தோன்றிற்று.

ஐம்பதுகளின் இறுதியில் இலங்கைக் கலைக் கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்கு அன்னார் தலைவரானார். அப்பதவியைக் கொண்டு அவர் கிராமங்களுக்குச் சென்றார். கூத்துப் போட்டிகள் நடத்தினார்; அண்ணாவிமாரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார். அரசாங்கத்தின் பெயரால் ஒருவர் தம் முற்றத்துக்கு வந்து தம் கலையைக் கேட்டது அவர்களிற் பலருக்கு அதுவே முதன்முறையாக இருந்திருக்கும். ஏட்டிலும் நினைவிலும் கிடந்த நாடகங்கள் அச்சேறின. மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகம் 1962இல் வந்தது. மன்னாரின் என்றிக் எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசர் நாடகம் 1966இலும், ஞானசௌந்தரி நாடகம் 1967இலும் வந்தன. மன்னாரிலிருந்து வந்தவை கத்தோலிக்க மக்கள் ஆடியவை. சைவக் குடியிற் பிறந்த பேராசிரியர் ஒருவர் கிறித்தவ மீனவரின் நாடகத்தைத் தமிழ் இலக்கியத்தின் பொதுச் சொத்தெனக் கொண்டு பதிப்பித்தார். நாட்டுப் பாடல் தொகுதிகளும் அவர் முயற்சியால் வெளியாயின.

கர்ணன் போர்

1960இற் கலைப் பீடத்திற் சுயமொழிக் கல்வி தொடங்கியது. ஆங்கிலமென்னும் மதில் ஓரிடத்திற் சரிந்தது. இலவசக் கல்வியாலும் மத்திய கல்லூரிகளாலும் உயர்ந்து வந்த கிராமத்துப் பிள்ளைகள் அவ்வழியே பேராதனையுட் புகுந்தனர். அவர்களுட் சிலர் காலிலே கூத்தின் தாளக்கட்டு இருந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த சி. மௌனகுரு அவர்களுள் ஒருவர்.

பேராசிரியர் அவர்களைக் கொண்டு 1962இற் கர்ணன் போர் என்னும் வடமோடிக் கூத்தை மேடையேற்றினார். மட்டக்களப்பு அண்ணாவியார் பேராதனைக்கு வந்து பல்கலைக் கழக மாணாக்கர்க்கு ஆட்டம் பயிற்றினார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஆசானும் கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியரும் ஒரே மண்டபத்தில் நின்று ஒரே கலைக்கு உழைத்தனர். மரபிலே ஆடவர் மட்டும் ஆடிவந்த கூத்திற் பெண் பாத்திரங்களை மாணவியரே தாங்கினர். அந்நாளில் ஒரு தமிழ்ப் பெண் சலங்கை கட்டிக் கூத்து மேடையில் நிற்பதென்றால் வீட்டார் எவ்வளவு அஞ்சியிருப்பர் என்று ஊகிக்கலாம். தம் ஆசிரியரின் பெயரே அவர்களுக்குக் காவலாக இருந்தது.

1963இல் நொண்டி நாடகமும், 1964இல் இராவணேசனும், 1968இல் வாலி வதையும் தொடர்ந்தன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிற ஊர்களிலும் அவை ஆடப்பட்டன. கூத்தென்றால் முகஞ்சுளித்தவர்கள் அனுமதிச்சீட்டு வாங்கி வந்து பார்த்தனர். தன் ஊரின் ஆட்டத்தை மறைத்து வைத்திருந்த மாணாக்கன் அதனைத் தலைநிமிர்ந்து சொல்லலானான்.

குறைகளும் கூறப்பட்டன

பெரியார் வாழ்வை எழுதுகையில் புகழை மட்டும் அடுக்குதல் முறையன்று. அன்னார் செய்தவற்றிற் குறை கண்டோரும் உளர். அவர் கூற்றிலும் பொருளுண்டு.

விடிய விடிய ஆடிய கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கினார். நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியை விட்டு ஒரு புறமே பார்க்கும் படச்சட்ட மேடையில் ஏற்றினார். இதனாற் கூத்து ஊருக்கும் அதன் மக்களுக்கும் உரிய விழாவாக இருந்த நிலை மாறி, நகரத்தார் நாற்காலியிலிருந்து பார்க்கும் காட்சியாயிற்று என்பர் சிலர். கூத்துக்கு வாயில் திறந்தது. கூத்தருக்கோ அவ்வளவாகத் திறக்கவில்லை. அண்ணாவியார் விழாக் காலத்தில் அழைக்கப்பட்டார். கழகத்தில் நிலையான ஆசனம் எதுவும் அவருக்கு இல்லை. மேலும், கிராமத்துக் கூத்திலேயே யார் எவ்வேடம் தாங்குவது, யார் எங்கே இருந்து பார்ப்பது என்பனவற்றிற் சாதி புகுந்திருந்தது. மேடையைச் செப்பனிட்டவர் அக்கேட்டை நேரே தாக்கினார் எனல் அரிது.

வன்னிக்கு ஒரு தனிக்குறையும் உண்டு. மட்டக்களப்பும் மன்னாரும் அவர் பதிப்புகளிற் பெற்ற இடத்தை வன்னி பெறவில்லை. வன்னிவள நாட்டுப் பாடல்கள் என்ற தொகுதி பின்னாளில் முல்லைத்தீவைச் சேர்ந்த செ. மெற்றாஸ்மயிலின் முயற்சியால் வெளிவந்தது. ஆனால் நாட்டார் பாடலைத் தொகுப்பது கற்றோர்க்குரிய மதிப்பான பணி என்ற எண்ணத்தை ஈழத்தில் நாட்டியோருள் வித்தியானந்தன் முன்னணியில் நின்றார். ஒருவர் வெட்டிய பாதையிற் பிறர் தம் ஊருக்குத் தாமே கிளைவழி வெட்டிக் கொள்வதும் நன்றேயாம்.

யாழ்ப்பாணத்தில்

1974 சனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. கொழும்பில் நடத்துமாறு எழுந்த வற்புறுத்தலை மீறி யாழ்ப்பாணத்திலேயே அதனை நடத்திய குழுவின் தலைமை வித்தியானந்தனிடம் இருந்தது. இறுதி நாளாகிய 10ஆம் நாள் இரவு பொலிசார் கூட்டத்தினுட் புகுந்தமையால் நேர்ந்த குழப்பத்தில் உயிர்கள் பலியாயின. அத்துயர் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் இலங்கைப் பல்கலைக் கழக வளாகம் ஒன்று தொடங்கிற்று. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். தொடக்கத்திற் சிங்கள மாணாக்கரும் அங்கே பயின்றனர். 1977 ஆகத்தில் நாடெங்கும் மூண்ட வன்செயலை அடுத்து அவர்கள் தெற்கே அனுப்பப்பட்டனர். அவ்வாண்டிலேதான் வளாகத்தின் தலைமை வித்தியானந்தனிடம் வந்தது. சரச்சந்திரரிடம் கலைப்பாடம் கற்றவர், சிங்கள மாணாக்கரின் அறைகள் வெறுமையான வளாகத்தை ஏற்க நேர்ந்தது. அது தனிப் பல்கலைக் கழகமான 1979 சனவரி முதல் நாளிலிருந்து அன்னார் அதன் முதல் துணைவேந்தராக விளங்கினார். 1988 வரை அப்பொறுப்பிலிருந்தார்.

அக்காலத்து அனுமதிப் பிரச்சினை மிகக் கூரியது. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. முன்னதனால் தமிழ் மாணாக்கர் பலர் மருத்துவ, பொறியியற் பீடங்களில் இடமிழந்தனர். அந்த அநீதி ஒரு தலைமுறையின் நெஞ்சிற் கனலாய்க் கிடந்தது. மாவட்டப் பங்கீட்டாலும் யாழ்ப்பாணம் இடமிழந்தது. வவுனியாவும் மன்னாரும் போன்ற பின்தங்கிய மாவட்டங்களோ சில இடங்களைப் பெற்றன. ஆய்வுகூடமும் போதிய ஆசிரியரும் இல்லாத பாடசாலையிலிருந்து வன்னிப் பிள்ளை பல்கலைக் கழகம் செல்ல அது வழியாயிற்று. தமிழர் என்ற முறையில் இழந்ததும், வன்னியர் என்ற முறையிற் பெற்றதும் ஒரே குடும்பத்தின் இரு கண்களில் நீராகவும் ஒளியாகவும் நின்றன. 1979இல் திறமைக்கு நூற்றுக்கு 30, மாவட்ட மக்கட்டொகைக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 என முறை வகுக்கப்பட்டது. 1978இல் முல்லைத்தீவும், 1984இற் கிளிநொச்சியும் தனி மாவட்டங்களாயின. துணைவேந்தர் அனுமதி விதிகளை வகுப்பவரல்லர். ஆயினும் இடமிழந்தவனின் தம்பியும் இடம் பெற்றவனும் ஒரே வகுப்பில் அமரும் கழகத்தை நடத்தும் பொறுப்பு அவருடையதாயிற்று.

அன்னார் காலத்திலே மருத்துவக் கல்வி அங்கு வேரூன்றிற்று. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் இசையும் நடனமும் பயிற்றியது. எண்பதுகளில் நாடகமும் அரங்கியலும் என்பது பல்கலைக் கழகப் பாடமாயிற்று. இருபதாண்டு முன்னர் மாலை வேளையிற் சங்கத்தின் விழாவுக்காக ஆடப்பட்ட கூத்து, இப்போது தேர்வெழுதிப் பட்டம் பெறும் கல்வியாக உயர்ந்தது. வெளியே 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983இற் படுகொலை நிகழ்ந்தது. மாணாக்கர் காணாமற் போயினர். 1987இற் பல்கலைக் கழகச் சூழலே போர்க்களமானது. அத்தனைக்கும் நடுவே வகுப்புகள் நடந்தன என்பதே அவருடைய நிருவாகத்துக்குப் போதிய சான்று.

1989 சனவரியில் அன்னார் மறைந்தார். வயது அறுபத்தைந்தை எட்டவில்லை.

அவருக்குப் பின்

அவர் மறைந்து ஈராண்டில், 1991இல், வட மாகாண இணைந்த பல்கலைக் கழகக் கல்லூரி தோன்றியது. அது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021 ஆகத்து முதல் நாள் வவுனியாப் பல்கலைக் கழகம் என்று தனித்து நின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் எழுந்தன. போரில் அனைத்தையும் இழந்த மண்ணுக்கு இவை பெரும் ஆறுதல். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வவுனியாப் பல்கலைக் கழகம் தொடங்கியபோது பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கல்வி, தொழில்நுட்பம் என்னும் பீடங்கள் இருந்தன. கலைப் பீடம் இல்லை. முல்லைமோடியும் சிலம்பு கூறலும் பிறந்த நிலத்திற் கணினியும் கணக்கியலும் கற்க இடமுண்டானது. அக்கலைகளை ஆராய விரும்பும் பிள்ளை பரந்தனையும் ஆனையிறவையும் கடந்து யாழ்ப்பாணம் போக வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் உண்டு. போர் முடிந்தபின் சிங்கள மாணாக்கர் மீண்டும் வடக்கே வந்து பயிலலாயினர். 2016 சூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக் கழக விஞ்ஞான பீடத்திற் புதியோரை வரவேற்கும் விழாவிற் கண்டி நடனமும் இடம்பெற வேண்டும் என்பது பற்றி இரு சாராருக்கும் கைகலப்பு நிகழ்ந்தது. யாருடைய மேளம் முன்னே செல்வது என்ற பிணக்கு அது. இரு தரப்பாருக்கும் காயம் உண்டு. இரு தரப்பாருக்கும் அச்சம் உண்டு. எந்தக் கழகத்தின் முதல் துணைவேந்தர் சிங்கள நாடகமவைக் கண்டு தமிழ்க் கூத்தை மீட்டாரோ, அந்தக் கழகத்திலேயே இது நேர்ந்தது வருந்தத்தக்கது.

ஒரு கலையை உள்ளே விடுவதால் மற்றொரு கலை வெளியேற வேண்டியதில்லை என்பதை வித்தியானந்தன் அவர்களின் வாழ்வு காட்டுகின்றது. மட்டக்களப்பு வடமோடியும் மன்னார்க் கத்தோலிக்க நாடகமும் சங்கப் பாட்டும் அவருடைய ஒரே மேசையில் இருந்தன. அம்மேசையில் வன்னிக்கு உரிய இடம் இன்னும் முழுவதும் நிரம்பவில்லை. வற்றாப்பளையிற் சிலம்பு கூறும் முதியவரின் குரல் இருக்கும்போதே, அவருடைய பேரப்பிள்ளை அதனைப் பாடமாகக் கற்கும் ஒரு வகுப்பறை வன்னியிலேயே அமையுமாயின், வீமன்காமத்துப் பேராசிரியர் தொடங்கி வைத்த பணி ஓரடி முன்னேறும்.